வேலைநிறுத்தம்: சம்ப், ஹர்த்தால், பந்த் எல்லாம் ஒன்றா?

மும்பைத் தமிழர் பேச்சில் ஸ்டிரைக், அதற்கு மராத்திக்காரர்கள் சொல்லும் சம்ப், பந்த், ஹர்த்தால் நான்கும் கலந்தே வரும். தாராவியிலோ செம்பூரிலோ பஸ் வராவிட்டால், காரணம் எதுவானாலும் "இன்னிக்கு பந்த்" என்று சொல்லிவிடுகிறோம். யார் எதை நிறுத்தினார்கள் என்று கேட்டால்தான் இவை தனித்தனியே பிரியும்.

ஹர்த்தால் என்ற சொல்லின் முன்பாதிக்குக் கடை என்று பொருள், பின்பாதிக்குப் பூட்டு. தமிழில் கடையடைப்பு. இந்திக்காரர்கள் தொழிலாளர் போராட்டத்துக்கும் இதையே சொல்வதால் நமக்கும் குழப்பம். பந்த் என்றால் முழு அடைப்பு, ஊரே அடங்கும். முதலாளியே ஆலையைப் பூட்டித் தொழிலாளரை வெளியே நிறுத்தினால் அது லாக்கவுட், அதாவது கதவடைப்பு.

ஸ்டிரைக் கப்பலில் பிறந்த சொல். பாயை இறக்குவதை ஆங்கில மாலுமிகள் அப்படிச் சொன்னார்கள். 1768இல் லண்டனில் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள் பாய்களை இறக்கிவிட்டதால் கப்பல்கள் கிளம்ப முடியவில்லை. மராத்தி சம்ப் வேறு வழியில் வந்தது. குஜராத்தியில் சம்ப் என்றால் இன்றும் ஒற்றுமை. ஒன்றுசேர்ந்ததைச் சொன்ன சொல்லே வேலையை நிறுத்துவதற்கும் ஆகிவந்திருக்கிறது.

நம்முடைய வேலைநிறுத்தம் இவை எதற்கும் குறைந்ததல்ல. நில் தன்வினை, நிறுத்து பிறவினை. மின்சாரம் போனால் வேலை நிற்கிறது. தொழிலாளர் கூடி முடிவெடுத்தால் வேலையை நிறுத்துகிறார்கள். செய்தவர் யார் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பணிநிறுத்தம் என்றாலும் சரிதான். "பேருந்துச் சேவை முடங்கியது" என்று செய்தி எழுதும்போது அந்த மனிதர்கள் காணாமல் போகிறார்கள். 2019 ஜனவரியில் மும்பை மாநகரின் பெஸ்ட் பேருந்துகள் தாமாக நின்றுவிடவில்லை. தொழிலாளர்கள் ஒன்பது நாள் நிறுத்தினார்கள்.

இந்த ஊரில் இந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். 1908இல் திலகருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தபோது, ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கவாதி தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் நிறுத்தினார்கள். கூலியும் போனசும் மட்டுமல்ல, ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் அங்கீகாரம் என்ற 1946ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எதிர்த்தார்கள். அது முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை என்று ஆலைகள் நிறைந்திருந்த கிரண்காவ் பக்கம் இன்றும் சொல்வார்கள். ஆலைகள் இருந்த இடத்தில் மால்களும் கோபுரக் குடியிருப்புகளும் வந்துவிட்டன. 1982ஐ "மில் மூடின வருஷம்" என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மூடியவர்கள் வேறு, நிறுத்தியவர்கள் வேறு.

அப்புறம், சட்டம் இந்தச் சொல்லை இன்னும் அகலமாகப் பிடிக்கிறது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, தொழிலாளரில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. அதற்கும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.