குதிர் நிரம்பினால் நெல் எங்கே போகும்?

தையல்கடையில் பேண்ட்டுக்கு அளவு கொடுக்கும்போது ஆண்களில் பலர் ஒரு காரியம் செய்வார்கள். டெய்லர் இஞ்ச் டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவரும் அந்த இரண்டு நொடிக்கு மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். டெய்லருக்கும் இது தெரியும். ஒன்றும் சொல்லாமல் ஒரு இஞ்ச் கூட்டி எழுதிக்கொள்வார். இன்னொரு தந்திரம், தொப்பை வளர வளர பேண்ட்டை அதற்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்வது. "என் சைஸ் இன்னும் 34தான்" என்று இருபது வருடமானாலும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

உடல் பருமனைப் பற்றி எழுத வந்துவிட்டு, எடை மெஷினை விட்டு இஞ்ச் டேப்பில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்களைப் பொறுத்தவரை எடை மெஷின் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பி.எம்.ஐ. அந்தக் கணக்குப்படி இருவருமே அளவான உடம்புக்காரர்கள். உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று அளந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. யட்கினுக்கு 9.1 சதவீதம். யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்.

பி.எம்.ஐ. மேல் பழி போடுவதிலும் அர்த்தமில்லை. அந்தச் சூத்திரத்தை 1830களில் உருவாக்கிய அடோல்ஃப் கெட்லே பெல்ஜியத்துக்காரர். வானியலாளர், புள்ளியியலாளர், டாக்டர் இல்லை. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டவர். யாருக்குச் சுகர் வரும் என்பது அவருடைய கேள்வியே இல்லை. பி.எம்.ஐ. என்ற பெயரே 1972இல்தான், அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் வைத்தது.

யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளையும் அளந்து பார்த்தார்கள். புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகள் எல்லா அளவிலும் சிறியவர்கள், கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை. தசையில்தான் பெரிய குறை. 'ஒல்லியான குண்டு' என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கிறோம்.

சரி, கொழுப்பு கொஞ்சம் கூட இருந்தால்தான் என்ன?

இதைப் புரிந்துகொள்ள, பழைய வீடுகளில் நெல் கொட்டி வைத்த குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்ததும் நெல் குதிருக்குள் போகும். தேவைப்படும்போது கீழ்த்துளை வழியாக எடுத்துக்கொள்வார்கள். உடம்புக்குக் குதிர், தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு. தொடை, பின்புறம், கை, இடுப்புச் சதை எல்லாம் அதுதான். சாப்பிட்டதில் மிஞ்சுவதை இங்குள்ள கொழுப்புச் செல்கள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. பெரியவர்கள் ஆன பிறகு இந்தச் செல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறுவதில்லை. வருடத்துக்குப் பத்தில் ஒன்று செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. அதனால் எடை ஏறும்போது பெரும்பாலும் இருக்கிற செல்களே ஊதுகின்றன. ஊதுவதற்கும் ஒரு எல்லை உண்டு.

குதிர் நிரம்பிய பிறகும் வண்டி வண்டியாக நெல் வந்தால்? திண்ணை, தாழ்வாரம், அடுப்படி என்று கண்ட இடத்தில் கொட்டவேண்டி வரும். உடம்பிலும் இதுதான் நடக்கிறது. கொழுப்பு குடலைச் சுற்றிப் படிகிறது, கல்லீரலுக்குள் போகிறது, தசைக்குள் போகிறது, கணையத்துக்கும் போகிறது. மாஸ்டர் செக்கப் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று ஒரு வரி வருகிறதே, அது அடுப்படியில் கொட்டிய நெல். "இது எல்லாருக்கும் இருக்குறதுதான்" என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டிலேயே நின்று படிக்கவேண்டிய வரி அது.

ஏனென்றால் கல்லீரலுக்கு ராத்திரி வேலை ஒன்று இருக்கிறது. நாம் தூங்கும்போது மூளைக்குத் தேவையான சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுவது அதுதான். 'போதும், நிறுத்து' என்று சொல்வது இன்சுலின். கொழுப்பேறிய கல்லீரலுக்கு அந்தப் பேச்சு சரியாக ஏறாது. அது பாட்டுக்குச் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாதவருக்கும் காலையில் வெறும் வயிற்றுச் சுகர் ஏறியிருப்பது இதனால்தான். கணையம் குரலை உயர்த்துகிறது, அதாவது இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. அங்கேதான் வம்பு. சாப்பாட்டு மாவுச்சத்தில் மிஞ்சுவதைக் கொழுப்பாக மாற்றச் சொல்வதும் அதே இன்சுலின்தான். கல்லீரலில் இன்னும் கொழுப்பு சேர்கிறது. சேர்ந்ததை அது டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக ரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. அதில் ஒரு பங்கு கணையத்திலேயே போய்ப் படிந்து, இன்சுலின் சுரக்கும் செல்களை முடக்குகிறது. இங்கிலாந்தின் நியூகாஸில் பேராசிரியர் ராய் டெய்லர் இதை இரண்டு சுழல்கள் என்கிறார். ஒன்று கல்லீரலில், ஒன்று கணையத்தில். ஒன்றையொன்று தள்ளிவிட்டுச் சுற்றுகின்றன.

குதிர்க் கதை வெறும் உவமைதானா என்று சந்தேகம் வந்தால், லிப்போடிஸ்ட்ரோபி என்ற அபூர்வ நோயைப் பாருங்கள். அந்த நோய் உள்ளவர்களில் சிலருக்குத் தோலடிக் கொழுப்பே கிடையாது. நரம்பு புடைத்துத் தெரியும் உடம்பு. ஆனால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு, கடுமையான சர்க்கரை நோய். குதிரே இல்லாத வீடு. மறுபக்கம், நூறு கிலோ இருந்தும் சுகர் எட்டிப் பார்க்காத ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குதிர் பெரிது. நம்முடையது பொதுவாகவே சின்னது.

அதிக எடையால் வரும் மற்ற தொல்லைகள் பலருக்கும் தெரிந்தவை. ஒரு கிலோ எடை கூடினால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் கூடுகிறது. தொண்டையைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் குறட்டை, சில நேரம் தூக்கத்தில் மூச்சே நின்று நின்று வரும். பிரஷர், மாரடைப்பு, சில வகைப் புற்றுநோய்கள் என்று பட்டியல் நீளும்.

இப்போது டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் அளக்கவேண்டும். பேண்ட் போடும் இடத்தில் இல்லை. இந்தியர்களுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. பி.எம்.ஐ. கணக்கிலும் நமக்கு எல்லை கீழேதான்: உலகத்துக்கு 25இல் தொடங்கும் 'அதிக எடை' நமக்கு 23இலேயே தொடங்குகிறது. டேப் இல்லையென்றால் ஒரு கயிறு போதும். உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, வயிற்றைச் சுற்றுங்கள். முனைகள் சேரவில்லை என்றால் விஷயம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) INDIAB என்ற ஆய்வு 2023இல் வெளியானது. அதில் பி.எம்.ஐ.படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றளவுப்படி 39.5 சதவீதம். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் "நான் ஒல்லிதானே" என்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நல்ல சேதி என்னவென்றால், அடுப்படியில் கொட்டிய நெல்தான் முதலில் காலியாகும். 2011இல் ராய் டெய்லர் குழு, சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தது. ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்து, வெறும் வயிற்றுச் சுகர் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. (டாக்டர் மேற்பார்வையில் நடந்த ஆராய்ச்சி அது. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வீட்டில் தானாக இதைச் செய்தால் சுகர் இறங்கி மயங்கி விழ நேரிடும்.) பிற்பாடு பி.எம்.ஐ. 27க்கும் கீழே இருந்த 20 சர்க்கரை நோயாளிகளிடம், எடையில் சுமார் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 14 பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சுகர் கட்டுக்குள் வந்தது. குண்டாக இல்லாதவருக்கும் அவருடைய குதிருக்கு மேல் கொட்டிக் கிடந்தது என்றுதானே அர்த்தம்?

குறைப்பது சாப்பாட்டில்தான் நடக்கும். அரை மணி நேர நடையில் செலவாவது, தோராயமாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருக்கும் 120 கலோரி. தாளிக்கும்போது கை கொஞ்சம் தாராளமானால் அந்த நடை அதோடு சரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாலு காபி என்றால் சர்க்கரையிலேயே 160 கலோரி. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலையும் சுண்டலையும் முட்டையையும் வைப்பது சலிப்பான யோசனைதான். ஆனால் பலிக்கும்.

உடம்பு சும்மா விட்டுக்கொடுக்காது என்பதையும் சொல்லவேண்டும். கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனை அனுப்பி, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தகவல் தருகின்றன. எடை குறைந்தால் லெப்டின் குறையும். மூளை பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்துப் பசியைக் கூட்டும், செலவைச் சுருக்கும். அமெரிக்காவில் ஒரு டிவி போட்டிக்காக மளமளவென்று எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்பவர் பரிசோதித்தார். எதிர்பார்த்ததைவிட அவர்கள் உடம்பு தினமும் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. எடை திரும்ப ஏறியவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்பது எவ்வளவு அநியாயம் என்று இதிலிருந்து தெரியும். இப்போது வந்திருக்கும் செமாக்ளுடைட் போன்ற வார ஊசிகள் இந்தப் பசியைத்தான் அடக்குகின்றன. ஒரு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது.

அப்படியானால் நடையால் பயனே இல்லையா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று வருடத்துக்குள் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்தது. சாப்பாட்டைச் சரிசெய்து தினமும் நடந்தவர்களில் 39 சதவீதம். இதில் வேடிக்கை, அவர்கள் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவில்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தசையில் குறைப்பட்டுப் பிறந்தவர்களுக்கு இது பெரிய விஷயம். நடையோடு வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுவதோ, தண்ணீர்க் குடம் தூக்குவதோ, ஏதாவது தசைக்கு வேலை வேண்டும்.

என் நண்பர் ஒருவர் ஆறு மாதமாகக் காலையில் நடக்கிறார், காபியில் சர்க்கரையை விட்டுவிட்டார். எடை மெஷின் மேல் அவருக்குக் கடும் கோபம். போன வாரம் அரைஞாண் கயிறு தளர்ந்து இடுப்பிலிருந்து இறங்குகிறது என்று அவர் அம்மா அவிழ்த்து, இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி முடிச்சுப் போட்டுக்கொடுத்தாராம். மெஷினில் இன்னும் அதே 72 கிலோ.