பிரஷர் நார்மல், அப்புறம் ஏன் ஃபீல்டு டெஸ்ட்?

மன்னார்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "எனக்கு கிளாக்கோமா. சொட்டு மருந்து போட்டு கண் பிரஷர் 14க்கு இறங்கிவிட்டது. அப்படியும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூருக்கு வரச் சொல்லி, இருட்டறையில் உட்காரவைத்துப் பட்டனை அமுக்கச் சொல்கிறார்களே, எதற்கு?"

கிளாக்கோமாவில் தேய்வது பார்வை நரம்பு. கண் அழுத்தம் அதைத் தேய்க்கும் முக்கியக் காரணம், அவ்வளவுதான். நார்மலின் மேல் வரம்பான 21க்குக் கீழே இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் உண்டு. அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். செத்த இழை திரும்ப முளைக்காது. ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டிவிடுவதால் நமக்கும் தெரியாது.

சரி, இருட்டறைக்கு வருவோம். அங்கே நடப்பதுதான் ஃபீல்டு டெஸ்ட், அதாவது பார்வைப் பரப்புச் சோதனை. இயந்திரத்தின் அரைக்கோளத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். 24-2 என்ற வழக்கமான பரிசோதனையில் 54 இடங்களில் சிறு வெளிச்சம் மின்னும், ஒவ்வொன்றும் 0.2 விநாடிதான். தெரிந்தால் அடுத்த தடவை அதே இடத்தில் இன்னும் மங்கலாகப் போடும். தெரியவில்லை என்றால் பிரகாசத்தைக் கூட்டும். இப்படி ஏறி இறங்கி, எவ்வளவு மங்கலான ஒளிவரை அந்த இடம் உணர்கிறது என்று பிடித்துவிடும். எனவே, "பாதி வெளிச்சம் தெரியவே இல்லை, நான் ஃபெயில்" என்று வெளியே வந்து கவலைப்பட வேண்டாம். நல்ல கண்ணுக்கும் பாதி தெரியாது. சோதனையின் அமைப்பே அப்படி.

எனக்கு மிகவும் பிடித்தது, அது நம்மை வேவு பார்க்கும் விதம். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்களே இல்லை. அதனால் நடுவிலிருந்து காதுப் பக்கமாகச் சுமார் 15 பாகை தள்ளி எல்லோருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இயந்திரம் இடையிடையே வேண்டுமென்றே அங்கே வெளிச்சத்தைப் போடும். நேரே பார்ப்பவருக்கு அது தெரியவே கூடாது. பட்டனை அமுக்கினால், "இவர் கண் அலைகிறது" என்று குறித்துக்கொள்ளும். சில நேரம் வெளிச்சமே போடாமல் சும்மா இருக்கும்; அப்போதும் அமுக்கினால் இன்னொரு குறிப்பு.

இவ்வளவு செய்தும் ஒரே ஆளுக்கு இன்றைக்கும் அடுத்த வாரத்துக்கும் எண்கள் மாறும். தூக்கம், சலிப்பு, பழக்கமின்மை என்று எத்தனையோ; பழுதான இடத்தில் ஆட்டம் இன்னும் அதிகம். நம்மூர் போர் தண்ணீர் மட்டம் மாதிரிதான்: ஐப்பசியில் ஏறும், சித்திரையில் இறங்கும், ஒரு நாள் அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் மென்பொருள் ஆரம்பத்தில் எடுத்த இரண்டு சோதனைகளை அடிப்படையாக வைக்கிறது. பிறகு குறைந்தது 3 புள்ளிகள், வழக்கமான ஆட்டத்தை மீறி, அடுத்தடுத்து இரண்டு சோதனைகளில் இறங்கினால், நோய் முற்றுவது 'இருக்கலாம்'. மூன்றாவதிலும் அதே புள்ளிகள் இறங்கினால் 'பெரும்பாலும் உறுதி'. இன்னொரு வழி, எல்லாச் சோதனைகளின் சராசரி இழப்பையும் கோடாக வரைந்து, ஆண்டுக்கு எத்தனை டெசிபல் (இங்கே ஒலி அல்ல, ஒளியை உணரும் திறனின் அளவு) சரிகிறது என்று பார்ப்பது. கோடு நம்பும்படி அமைய நிறையப் புள்ளிகள் வேண்டும். புதிதாக நோய் தெரிந்தவர்களுக்கு முதல் 2 ஆண்டில் 6 சோதனை என்ற பரிந்துரை அதற்குத்தான்.

ஆகவே பழைய பைலைத் தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்பத்திரி மாறுகிறவர்கள் புது ரிப்போர்ட்டை மட்டும் நீட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சுந்தரருக்கு வலக்கண் கிடைத்த திருவாரூரில் வேண்டிக்கொள்ளுங்கள், தடையில்லை. வேண்டிக்கொண்டாயிற்று என்று சொட்டு மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

கிளாக்கோமாவுக்கு எடுக்கும் இன்னொரு பரிசோதனையான ஓசிடி ஸ்கேனுக்குப் பட்டன் வேண்டாம். ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து விழித்திரையில் உள்ள நரம்பிழை அடுக்கின் தடிமனை அளக்கிறது. நல்ல கண்ணில் சுமார் 100 மைக்ரான். ஆரம்பக் கட்டத்தில் பல நேரம் ஃபீல்டு டெஸ்ட்டுக்கு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். வெவ்வேறு கம்பெனி மெஷின்களின் அளவுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. நோய் முற்றியபின் இது கைகொடுக்காது. இழைகள் போனாலும் ரத்தக் குழாய்களும் தாங்கு திசுவும் மிஞ்சுவதால் 50 மைக்ரான் அருகே அளவு நின்றுவிடும். பார்வை தொடர்ந்து குறைந்தாலும் ஸ்கேன் அசையாது. அப்போது மறுபடி பட்டன்தான்: நடு 10 பாகைக்குள் 68 புள்ளிகளை நெருக்கமாகச் சோதிக்கும் 10-2.