வெட்டு விழும்போது வாள் ஏன் நிற்கிறது?

"சிரி சங்கிலியைச் சுழற்றுகிற இடத்தை நாற்பது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். விட்சர் 4-ல் சண்டை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா?" கல்லூரியில் படிக்கிற வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். (விட்சர் 4 ஒரு வீடியோ கேம், சிரி என்பது அதன் நாயகியின் பெயர். தமிழில் எழுதினால் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது, நான் என்ன செய்ய?)

அவர் பார்த்த ட்ரெய்லரை வைத்துச் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் விழாவில் வந்த அது, முன்கூட்டியே உருவாக்கி முடித்த படம். அதில் யாரும் கண்ட்ரோலரைத் தொடவில்லை. வாள்சண்டையின் ருசியோ, பொத்தானை அழுத்துவதற்கும் அடி விழுவதற்கும் இடையிலான சில மில்லிவினாடிகளில் இருக்கிறது. அழுத்த ஆளே இல்லாத இடத்தில் அதை எப்படித் தேடுவது? ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதைச் சாக்காக வைத்து, எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தந்திரத்தைப் பற்றி எழுதிவிடலாம்.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடுவோம். திரையில் ஓடுவது வரிசையான படங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். வினாடிக்கு 60 என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிவினாடி. ஒரு வாள்வீச்சில் மூன்று கட்டங்கள் உண்டு: ஓங்குவது, வெட்டுவது, பழைய நிலைக்குத் திரும்புவது. நடுக்கட்டத்தில் மட்டும் வாளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி முளைக்கும். ஹிட்பாக்ஸ் என்பார்கள். அது எதிரியின் உடல்மேல் உள்ள இன்னொரு பெட்டியைத் தொட்டால் அடி விழுந்ததாகக் கணக்கு. மற்றதெல்லாம் அலங்காரம்.

ஓங்குகிற கட்டம் நமக்காக வைத்தது. எதையாவது கண்ணால் பார்த்து விரலை அசைக்க மனிதனுக்கு 200 முதல் 250 மில்லிவினாடி ஆகும். அதைவிட வேகமாக அடி வந்தால் யாராலும் பார்த்துத் தடுக்க முடியாது. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்துக்கு மட்டையாளருக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் குறைவு. அதனால்தான் அவர் பந்து கையை விட்டுப் போகும் முன்பே பந்துவீச்சாளரின் மணிக்கட்டைப் படிக்கிறார். எல்டன் ரிங் என்ற விளையாட்டில் முதலில் வழிமறிக்கும் மார்கிட் என்ற எதிரி இந்தப் பழக்கத்தைத்தான் கேலி செய்கிறான். தடியை ஓங்கிவிட்டு அப்படியே நிற்பான். அடியிலிருந்து தப்ப நாம் அவசரப்பட்டு உருண்டு முடித்த பிறகு நிதானமாக இறக்குவான். முதல் நாள் அவனிடம் வாங்கிய அடியை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, இப்போது தந்திரத்துக்கு வருவோம்.

அரிவாளால் தேங்காயை வெட்டியிருக்கிறீர்களா? ஓங்கிய கை ஓட்டில் பட்டதும் சட்டென்று நிற்கும். அந்த அதிர்ச்சி முழங்கை வரைக்கும் ஏறும். "பட்டது" என்று நமக்குத் தெரிவதே அந்த நிறுத்தத்தால்தான். விளையாட்டில் அது இல்லை. கையில் இருப்பது பிளாஸ்டிக் கண்ட்ரோலர். திரையில் இருக்கிற வாளுக்கு எடை கிடையாது, அரக்கனின் உடம்புக்குக் கடினம் கிடையாது. அனிமேஷன் போட்டபடி ஓடும். வாள் புகைக்குள் போவதுபோல உடம்புக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும். எதிரியின் மிச்ச உயிரைக் காட்டும் கோடு குறையும், ஆனால் அடித்த மாதிரியே இருக்காது.

இதற்கு விளையாட்டை உருவாக்குகிறவர்கள் கண்ட மருந்து ஹிட்ஸ்டாப். பெட்டிகள் தொட்ட அந்த ஃபிரேமில் அடிப்பவனையும் அடிபடுபவனையும் அப்படியே உறைய வைத்துவிடுவது. சின்ன அடிக்குச் சில ஃபிரேம், பெரிய அடிக்கு இன்னும் அதிகம். 6 ஃபிரேம் என்றால் 100 மில்லிவினாடி, கிட்டத்தட்ட ஒரு கண்ணிமைப்பு. படம் நின்றதாக நமக்குத் தோன்றுவதே இல்லை. வாள் எதிலோ மாட்டியது, அந்தப் பொருள் கடினமானது, நான் பலமாக அடித்தேன் என்று மூளை தானே முடிவுகட்டிக்கொள்கிறது. வேகமாக வந்த ஒன்று காரணமில்லாமல் நிற்காது என்பது குழந்தையாகத் தவழ்ந்த நாளிலிருந்து அதற்குப் பழகிய கணக்கு. நின்றால், தடுத்த பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். இல்லாத பொருளை அது கற்பித்துக்கொள்கிறது. எடையே இல்லாத வாளுக்கு, நேரத்தைக் கொஞ்சம் நிறுத்தி எடை கொடுத்துவிடுகிறார்கள். இதை முதலில் செய்தவருக்கு யாராவது சிலை வைக்க வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை விளையாட்டை உருவாக்கிய மசாஹிரோ சகுராய் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். அவருடைய விளையாட்டில், உறைந்த நேரத்தில் அடிபட்டவன் மட்டும் அதிர்வான், அடித்தவன் ஆடாமல் நிற்பான். யார் அடித்தது, யார் வாங்கியது என்று ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடும். அப்புறம், அந்த இமைப்பொழுதில் ஆட்டக்காரருக்கு யோசிக்க அவகாசமும் கிடைக்கிறது. பட்டதா, தடுத்துவிட்டானா? பட்டிருந்தால் அடுத்த அடியைக் கோக்கலாம்.

கோக்கிற அடிகளுக்குக் காம்போ என்று பெயர். அதன் பிறப்பே தற்செயல். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐச் சோதித்தபோது, கார் உடைக்கும் போனஸ் கட்டத்தில், ஒரு அடி முடியும் முன்பே அடுத்ததைக் கோக்க முடிவதைக் அதை உருவாக்கிய கேப்காம் நிறுவனத்தார் கவனித்தார்கள். இவ்வளவு துல்லியமாக யார் அழுத்தப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைகளின் பையன்கள் அழுத்தினார்கள். இன்றைக்குச் சண்டை விளையாட்டென்றாலே காம்போதான்.

ஒரு வழிவிலகல். அடுத்தடுத்து நடந்த இரண்டு விஷயங்களை மூளை உடனே முடிச்சுப் போடுவதால்தான் ஹிட்ஸ்டாப் வேலை செய்கிறது. அதே முடிச்சுதான் மூடநம்பிக்கையும். போகிமான் விளையாட்டில், பிராணியைப் பிடிக்க எறிந்த பந்து மூடும் நேரத்தில் பி பொத்தானை அழுத்தினால் பிடிபட்டுவிடும் என்று ஒரு தலைமுறையே நம்பியது. அதற்கு எந்தப் பலனும் கிடையாது. 1948-ல் உளவியலாளர் ஸ்கின்னர், புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் சுற்றிக்கொண்டிருந்த புறா, சுற்றினால்தான் தீனி வரும் என்பதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது. "நான் டிவி முன்னால் உட்கார்ந்தால் விக்கெட் விழும்" என்று எழுந்து போகிற என் நண்பரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புறா ஞாபகம் வரும். அவர் பொறியியல் படித்தவர் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விட்சருக்குத் திரும்புவோம். 2007-ல் வந்த முதல் பாகத்தில் சண்டை ஒரு தாளக்கட்டு. திரையில் மவுஸின் சுட்டிக்குறி தீப்பிடித்த வாளாக மாறும் நேரம் பார்த்து அழுத்த வேண்டும். 2015-ல் வந்த மூன்றாம் பாகத்தின் கதையை எல்லாரும் கொண்டாடினார்கள், வாள்வீச்சைப் பாதிப் பேர் திட்டினார்கள். நானும் அந்தப் பாதியில் ஒருவன். எதிரி நிற்கிற தூரத்தைப் பொறுத்து ஒரே பொத்தானுக்கு வேறு வேறு வீச்சு வரும். நாயகன் கெரால்ட் சில சமயம் நேராகக் குத்துவான், சில சமயம் பம்பரமாகச் சுற்றிப் போய் வெட்டுவான். அடி எப்போது விழும் என்பது விரலுக்குப் பிடிபடவே இல்லை.

அந்தப் பாகம் கன்சோல்களில் வந்தபோது வினாடிக்கு 30 ஃபிரேம். அப்போது திரையில் மிகச்சிறிய நிறுத்தமே 33 மில்லிவினாடி. அரை லிட்டர் படியை வைத்துக்கொண்டு கால் லிட்டர் அளக்கிற கதை. 2025 ஜூனில் சிரி குதிரையில் போய்ச் சந்தையில் நடக்கிற தொழில்நுட்பக் காட்சி ஒன்றைக் காட்டினார்கள். அது சாதாரண பிளேஸ்டேஷன் 5-ல் 60 ஃபிரேமில் ஓடியது. இது விளையாட்டு அல்ல, மாதிரிதான் என்று விட்சரை உருவாக்கும் சிடி புராஜெக்ட் நிறுவனமே சொல்லிவிட்டது. அதில் ஒரு வெட்டுகூட இல்லை. ரசிகர்களும் முடியையும் துணியையும் பேசிவிட்டுப் போனார்கள். ஆனால் சங்கிலி சுழன்ற ட்ரெய்லரைவிட, சண்டையே இல்லாத இந்தக் காட்சிதான் சண்டையைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது. அந்த 60 கடைசிவரை நிலைத்தால், 16.7 மில்லிவினாடிப் படி கையில் இருக்கும்.

ஆகவே தம்பி, சங்கிலியை விடுங்கள். யாரோ கண்ட்ரோலரைப் பிடித்து ஆடுகிற காட்சி வெளிவரும் நாளில், சிரியின் வாள் அரக்கன்மேல் படுகிற இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். வாள் எத்தனை ஃபிரேம் அசையாமல் நிற்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.