ஆகாயத்தாமரை வேறு, வெங்காயத்தாமரை வேறு

ஏரியை மூடிக் கிடக்கும் ஊதாப்பூச் செடியின் படம். கீழே ‘ஆகாயத்தாமரையை அகற்றக் கோரிக்கை’ என்று ஒரு வரி. மழைக்காலம் வந்தால் நாளிதழ்களில் வாரம் ஒருமுறை இது அச்சாகிறது. படத்தில் இருப்பது வெங்காயத்தாமரை.

இலைக்காம்பின் நடுப்பகுதி வெங்காயம்போல உப்பியிருப்பதால் அந்தப் பெயர். அறுத்தால் உள்ளே வெறும் பஞ்சும் காற்றும், மிதப்பதே அதனால்தான். தாவரவியல் பெயர் பான்டெடீரியா கிராசிப்பெஸ். பழைய நூல்களில் ஐக்கார்னியா என்றிருக்கும். இலத்தீனில் ‘கிராசிப்பெஸ்’ என்பதற்கும் தடித்த கால் என்றுதான் பொருள். அமேசான் படுகைச் செடி. பூவின் அழகில் மயங்கி 19ஆம் நூற்றாண்டில் நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். இலங்கையில் 1909லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று, வங்காளத்தில் 1936இல்.

ஆகாயத்தாமரை என்பது பிஸ்டியா ஸ்ட்ராட்டியோட்டெஸ். சேம்பின் குடும்பம். காம்பே கிடையாது. வெளிர்பச்சை இலைகள் விரிந்த முட்டைக்கோஸ்போல அடுக்கடுக்காக இருக்கும். மேலே மென்மயிர், தண்ணீர் ஒட்டாது. பூ இலைக்கு நடுவே ஒளிந்திருக்கும், தேடினால்தான் தெரியும். வேர் மண்ணைத் தொடாமல் தொங்குவதால் ஆகாயம். அந்தரத்தாமரை என்றும் சொல்வார்கள். தருக்கத்தில் இதே சொல்லுக்கு முயற்கொம்புபோல ‘இல்லாத பொருள்’ என்றும் ஒரு பொருள் உண்டு. நாளிதழ்கள் அகற்றச் சொல்லும் ஆகாயத்தாமரை பல ஏரிகளில் அந்தப் பொருளில்தான் இருக்கிறது.

‘இரண்டும் மிதக்கிற களைதானே, பெயரில் என்ன?’ என்பார்கள். பெயரில்தான் எல்லாமே இருக்கிறது. வெங்காயத்தாமரையை ஒடுக்க 1980களில் இந்தியாவில் விடப்பட்ட நியோக்கெட்டினா கூன்வண்டு, இலையைச் சுரண்டித் தின்னும். அதன் புழு காம்பைத் துளைத்துக் குருத்துவரை போகும். ஆகாயத்தாமரையில் விட்டால் அது பட்டினிதான் கிடக்கும். ஆகாயத்தாமரைக்கு நியோஹைட்ரோனோமஸ் என்ற வேறு வண்டு வேண்டும். யானைக்கால் நோய் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழுக்கள் நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து அதிலிருந்து காற்றெடுத்து வாழ்பவை. அவற்றுக்கு மிகவும் பிடித்த செடிகளில் ஒன்று ஆகாயத்தாமரை. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் தடுப்பு வேலையில் இந்தச் செடியைக் குளத்திலிருந்து எடுப்பதும் ஒரு பகுதியாக இருந்தது. சித்த மருத்துவத்தில் வரும் ஆகாயத்தாமரையும் இதுவே. நாளிதழை நம்பி யாராவது சாக்கடை கலந்த ஏரியின் வெங்காயத்தாமரையைப் பறித்து வந்தால், அதன் வேர் இழுத்து வைத்திருக்கும் ஈயமும் காட்மியமும் சேர்ந்தே வரும்.

அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. நெருக்கமாக வளர்ந்த இடத்தில் வெங்காயத்தாமரையின் காம்பு ஒல்லியாகி மேலே ஓடும், சில வேளை ஒரு மீட்டர் வரை. வெங்காயத்தைக் காணோமே என்று பெயரை மாற்றிவிடக் கூடாது. இலை வழவழப்பாக இருக்கிறதா, காம்பு தனியாகத் தெரிகிறதா, பூத்திருந்தால் மேல் இதழில் மயிற்கண்போல மஞ்சள் பொட்டு இருக்கிறதா, இவற்றைப் பார்த்தால் போதும்.

வெங்காயமுமில்லை, தாமரையுமில்லை, பிறகென்ன நல்ல பெயர் என்று தூய்மை பார்ப்பவர்கள் கேட்கலாம். ஞாயம்தான். ஆனால் சொல்லைக் கேட்டதும் செடி கண்முன் வருகிறது. நெல்லைச் சீமையில் தாமிரபரணிக்காரர்கள் சொல்லும் அமலை, ஈழத்து ஆற்றுவாழை, இரண்டும் எனக்குச் சம்மதமே. மலையாளத்தில்கூடக் குளவாழ என்கிறார்கள். சம்மதமில்லாதது ‘நீர்ப் பதுமராகம்’. வெங்காயத்தாமரையின் ஆங்கிலப் பெயர் ‘வாட்டர் ஹையசின்த்’. அதன் பின்பாதிக்குப் பூ, மணிக்கல் என்று இரண்டு பொருள் உண்டு. இயந்திர மொழிபெயர்ப்பு மணிக்கல்லைப் பிடித்துக்கொண்டது. பதுமராகம் தமிழில் மாணிக்கம். அதைக் குளத்தில் மிதக்கவிட்டவர்கள் வெளியிடுமுன் ஒருமுறை வாசித்திருந்தாலே போதும்.

இதே கையோடு ‘ஆக்கிரமிப்புத் தாவரம்’ என்பதையும் விட்டுவிடலாம். ‘ஏரியில் ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்ற தலைப்பைப் படித்தால் வீட்டை இடித்தார்களா, செடியை அள்ளினார்களா என்று தெரிவதில்லை. ‘ஊடுருவிப் பரவும் அயல் தாவரம்’ நீளம்தான், ஆனால் குழப்பமில்லை. நிலத்தை வளைத்துப்போட்டவனை நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றலாம். வெங்காயத்தாமரையை முழுக்க அள்ளினாலும் சேற்றில் விழுந்த விதை 15 ஆண்டுக்கு மேல்கூட உயிரோடிருக்கும். கரையோரத்தில் விட்ட ஒரே ஒரு ஓடுதண்டு பக்கக்கன்று விட்டு, ஓரிரு வாரத்தில் இரட்டிப்பாகும்.