ஊர் சுற்றினால் மனசு மாறுமா?

நாலு ஊர் பார்த்தவனுக்கு மனசு விசாலமாகும் என்று நம் பக்கம் சொல்வார்கள். ஐரோப்பாவில் இதை ஓர் அரசியல் கொள்கையாகவே நம்பினார்கள். நாடுகளுக்கு இடையே கடிதம், வணிகம், பயணம் என்று கொடுக்கல் வாங்கல் கூடினால் நம்பிக்கை கூடும். நம்பிக்கை கூடினால் சேர்ந்து ஆட்சி நடத்தவும் மக்கள் சம்மதிப்பார்கள் என்று 1950களில் கார்ல் டாய்ச் என்ற அரசியல் அறிஞர் வாதிட்டார். 1985இல் லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையைக் கைவிடக் கையெழுத்திட்டன. 1987இல் மாணவர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் படிக்க அனுப்பும் எராஸ்மஸ் திட்டம் வந்தது.

பலித்ததா? எல்லை தாண்டிப் போய்வருபவர்கள் மற்றவர்களைவிட ஐரோப்பிய ஒன்றியத்தை அதிகம் ஆதரிக்கிறார்கள் என்று கருத்துக்கணிப்புகள் திரும்பத் திரும்பக் காட்டின. அப்படியானால் பயணம்தான் அவர்களை மாற்றியது என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் சிக்கல்.

சேலம் அஸ்தம்பட்டியில் வெளிநாடு சுற்றிவந்த பத்துப் பேரையும், தமிழ்நாட்டைத் தாண்டாத பத்துப் பேரையும் நிறுத்தி, பக்கத்து நாட்டுக்காரர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பத்துப் பேர் இதமாகப் பேசலாம். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்கு நல்ல படிப்பு, கையில் காசு, பேச ஆங்கிலம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ இருக்கும். விமானம் ஏறுவதற்கு முன்பே வெளியுலகத்தோடு இணக்கமானவர்கள். அதனால்தான் ஏறவே செய்தார்கள். பயணம் மனசை மாற்றியதா, அப்படிப்பட்ட மனசுதான் பயணம் போனதா என்பதை இந்தக் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரே நேர்மையான வழி, யார் போவது என்பதை அவரவர் விருப்பத்திடமிருந்து பிடுங்கி அதிர்ஷ்டத்திடம் கொடுப்பது. அதற்காக ஆராய்ச்சியாளர்கள் ஆயிரம் பேருக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்க முடியுமா? தேவைப்படவில்லை. பாகிஸ்தானில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அரசு ஒதுக்கீட்டில் ஹஜ் போக விண்ணப்பித்தவர்கள் இடங்களைவிட அதிகம். அதனால் குலுக்கல் போட்டார்கள். நம்மூர் ஹஜ் கமிட்டியிலும் குலுக்கல்தான். பெயர் விழுந்தவரும் விழாதவரும் ஒரே ஆசையோடு விண்ணப்பித்தவர்கள். படிப்பிலும் வசதியிலும் சராசரியாக ஒரே மாதிரிதான். வித்தியாசம், ஒரு கூட்டம் மெக்காவுக்குப் போய்வந்தது, இன்னொன்று வீட்டில் இருந்தது. சில மாதம் கழித்து இரண்டு தரப்பிலுமாக 1,600 பேருக்கு மேல் கேள்வி கேட்டார்கள் டேவிட் கிளிங்கிங்ஸ்மித், ஆசிம் குவாஜா, மைக்கேல் கிரமர் ஆகிய மூவரும். (கிரமர் பின்னாளில், 2019இல், பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) 2009இல் முடிவு வெளியானது. போய்வந்தவர்களிடம் மதப் பற்று கூடியிருந்தது. கூடவே, பிற இனத்தவரும் இஸ்லாத்தின் பிற பிரிவினரும் தங்களுக்குச் சமம் என்ற எண்ணமும், பெண்கள் படிப்பதற்கும் வேலைக்குப் போவதற்கும் ஆதரவும் கூடியிருந்தன. முஸ்லிம் அல்லாதவர்கள் மீது வெறுப்பு கூடவில்லை.

ஆக, பயணம் மாற்றுகிறது. இந்த ஆய்வு நாடுகளின் அரசியல் இணைப்பைப் பற்றியது அல்ல என்பது சரிதான். ஆனால் காரணம் எது, விளைவு எது என்று இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டியது அபூர்வம். அப்புறம் வரும் கேள்விதான் எனக்குச் சுவையானது: எல்லாப் பயணமும் மாற்றுமா?

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு வரும் கூட்டத்தைக் கவனித்தால் பாதி விடை கிடைக்கும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் செல்ஃபி எடுத்து, ரோட்டோரம் மிளகோ காபித் தூளோ வாங்கிக்கொண்டு பொழுது சாய இறங்கிவிடுகிறார்கள். மலைக்காரர்களோடு அவர்கள் பேசிய மொத்தப் பேச்சும் “எவ்வளவும்மா? கொஞ்சம் குறைச்சுக் கொடு” என்பதோடு சரி. இங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள், கேரளத்துக்காரர்கள் அல்ல என்பதுகூடப் பலருக்குத் தெரியாமலேயே வண்டி கீழே போய்விடும்.

1954இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னது இதைத்தான். வெறுமனே கண்ணில் பட்டால் போதாது. இரு தரப்பும் சமமான நிலையில் இருக்க வேண்டும். ஒரே குறிக்கோளுக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். சட்டமோ வழக்கமோ அவர்கள் பழகுவதை ஆதரிக்க வேண்டும். அப்போதுதான் மனத்தடை கரையும். 2006இல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவரோடொருவர் பழகுவது பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் அதிகமாகக் குறைக்கிறது என்று தெரிந்தது. ஹஜ்ஜில் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் துணி, எல்லோருக்கும் ஒரே சடங்கு. வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு ஆத்தூர் பக்கம் திரும்பியவர்களிடம் பேசிப் பாருங்கள்: ஒரே ரூமில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட நேபாளியைப் பற்றியும் வங்கதேசத்துக்காரரைப் பற்றியும் உருகுவார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட முதலாளியைப் பற்றி அந்த உருக்கம் வராது.

பிரிட்டனிலிருந்து ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேல் பயணங்கள் ஸ்பெயினுக்குப் போகின்றன. கடற்கரை, வெயில், ஆங்கிலம் பேசும் பார், திரும்பும் விமானம். அதே பிரிட்டன்தான் 2016இல் 51.9 சதவீத வாக்குகளோடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற முடிவு செய்தது. நம் பக்கத்தில் இந்தியா - நேபாள எல்லையை இரு நாட்டு மக்களும் விசா இல்லாமலே கடக்கிறார்கள். அப்படியிருந்தும் 2015இல் எல்லையில் சரக்குப் போக்குவரத்து முடங்கியபோது காத்மாண்டுவில் இந்தியா மீது கடும் கோபம் எழுந்தது. ஷெங்கன் கையெழுத்தான அதே 1985இல்தான் டாக்காவில் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் பிறந்தது. அதன் கடைசி உச்சி மாநாடு நடந்தது 2014இல். அரசுகள் முறைத்துக்கொண்டால் பயணிகளின் நல்லெண்ணம் எடுபடாது.

எராஸ்மஸ் மாணவர்கள் ஒரு டூர் கூட்டம் அல்ல, மாதக்கணக்கில் தங்கிப் படிப்பவர்கள். அவர்களிடம்கூட முடிவுகள் முட்டிக்கொள்கின்றன. எம்மானுவேல் சிகாலாஸ் 2010இல், ‘நான் ஐரோப்பியன்’ என்ற உணர்வு அவர்களிடம் வலுப்படவில்லை என்றார். கிறிஸ்டின் மிட்செல் 2015இல் வலுப்படுகிறது என்றார். இடையில் 2012இல் தெரேசா கூன் சொன்ன விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது: பல்கலைக்கழக மாணவர்கள் முன்பே ஐரோப்பாவை ஆதரிப்பவர்கள், அவர்களிடம் மாறுவதற்கு அதிகம் மிச்சமில்லை. மாறக்கூடியவர்கள் படிப்பு குறைந்தவர்கள். அவர்கள் அந்தத் திட்டத்துக்குள் வரவே இல்லை.

இந்தக் கணக்கைச் சேலத்துக்குப் போட்டால், கொழும்புக்கோ காத்மாண்டுவுக்கோ ஆறு மாதம் ஓர் இளைஞனை அனுப்ப அரசிடம் பணம் இருந்தால், ஏற்கெனவே அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் இன்ஜினியரிங் மாணவனுக்கு அதைக் கொடுப்பது வீண். அரசு ஐடிஐயில் பிட்டர் படிக்கிற, இதுவரை பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலையே மிதிக்காத பையனைத்தான் அனுப்ப வேண்டும். அங்கேயும் ஹாஸ்டலில் தனியாக அடைக்காமல், அந்த ஊர்ப் பையன்களோடு ஒரே பட்டறையில் ஒரே கூலிக்கு நிறுத்த வேண்டும். யார் போவது என்பதற்குக் குலுக்கல் போட்டால், பெயர் விழாதவர்களோடு ஒப்பிட்டுப் பலனையும் அளந்துவிடலாம்.