முதல் குடம் ஏன் நாறுது?

வட சென்னைல எங்க தண்டையார்பேட்டை தெருவுல விடியக்காலம் 4:30 மணிக்கு மொத கேக்குறது, குடிதண்ணி லைன்ல மாட்டுன அடி பம்ப் சத்தம் தான். ஒரு வீட்ல கிரீச்னு ஆரம்பிச்சா போதும், தெரு பூரா லைட் எரிஞ்சிடும், பிளாஸ்டிக் குடம் எல்லாம் வாசலுக்கு வந்துடும். அம்மா மட்டும் முதல் குடத்த சமையல்கட்டு பக்கமே விட மாட்டாங்க, பாத்ரூம் டிரம்முல ஊத்திடுவாங்க. "அது நாறும்டா, ரெண்டாவதுல இருந்து புடி." ஏன் நாறுதுன்னு கேட்டா தெருல பாதி பேரு செங்குன்றம் பக்கம் கைய காட்டுவாங்க, ஏரித் தண்ணிய அப்படியே தொறந்து விடுறானுங்கன்னு. எனக்கு தெரிஞ்சு பெரும்பாலும் அது தப்பு. தண்ணி கெடுறது அங்க இல்ல, வர்ற வழில.

அங்க நடக்குறத வேகமா பாத்துடுவோம். செங்குன்றம் ஏரிக்கு இன்னொரு பேரு தான் புழல், அங்க இருக்குற சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு 30 கோடி லிட்டர் வரைக்கும் சுத்தம் பண்ற அளவுக்கு கட்டுனது. ஏரித் தண்ணில இருக்குற களிமண் துகள் ரொம்ப பொடி, எல்லாத்துலயும் ஒரே மாதிரி நெகட்டிவ் மின்சுமை இருக்கறதால ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும், அடில படியாது. படிகாரம் கலந்தா அந்த சுமை அடங்கிடும், துகள் எல்லாம் ஒட்டிக்கிட்டு பஞ்சு மாதிரி திரண்டு கீழ உக்காந்துடும் (சலூன்ல ஷேவ் பண்ணிட்டு தேய்ப்பாங்களே, அதுக்கு சொந்தக்காரன் தான் இது, பாட்டிங்க பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய ஒரசி கலங்கல் தண்ணிய தெளிய வெச்சதும் ஏறக்குறைய இதே வேலை). மிச்சத்த மணல் வடிகட்டி புடிச்சிக்கும். அப்புறம் குளோரின். தெளிஞ்ச பிறகு அத போடுறதுக்கு காரணம் இருக்கு, கலங்கலா இருந்தா கிருமி துகளுக்குள்ள ஒளிஞ்சிக்கும், குளோரினும் அழுக்கு மேலயே செலவாயிடும்.

இனிமே தான் விஷயமே. தெருவுக்கு அடில போற பைப்புல ஓட்டையே இல்லாத ஊர் கிடையாது. பழைய இரும்பு பைப், ஜாயின்ட் தளர்ந்திருக்கும், மேல லாரி ஓடும். ஆனா ஓட்டை இருந்தா மட்டும் சாக்கடை உள்ள வந்துடாது. ஒரு ஓஸ் பைப்ல ஊசியால நாலு குத்து குத்தி சேத்துல போட்டுட்டு கொழாய தொறந்து பாருங்க, ஓட்டை வழியா தண்ணி வெளிய பீச்சும், சேறு கிட்டயே வர முடியாது. இப்ப கொழாய மூடுங்க. ஓஸ் காலியாக காலியாக அதே ஓட்டை வழியா சேத்துத் தண்ணி மெதுவா உள்ள இறங்கும். நம்ம தெருவுல தினமும் நடக்குறது இது தான். சில மணி நேரம் தண்ணி விட்டுட்டு வால்வ மூடிடுறாங்க, பைப் காலியாகுது, பக்கத்துலயே சாக்கடை லைன், வட சென்னை கடலோர தட்டை நிலம் வேற, மழை பெஞ்சா நிலத்தடி தண்ணி மேல ஏறி நின்னுடும். மறுநாள் தண்ணி விட்டதும் ராத்திரி பூரா உள்ள சேந்தத தள்ளிக்கிட்டு வர்ற தண்ணி தான் அந்த முதல் குடம்.

அடி பம்பே ஒரு உறிஞ்சுற கருவி தான், லைன்ல அழுத்தம் இல்லாதப்ப அடிச்சா ஓட்டை பக்கத்துல இருக்குறதயும் சேத்து இழுக்கும். அத விட மோசம் லைன்லயே நேரா மோட்டார் மாட்டுறது. ஒரு வீட்ல அரை எச்பி மோட்டார் ஓடுனா பக்கத்து ஓட்டை எல்லாம் ஸ்ட்ரா மாதிரி ஆயிடும், இதுல வயித்தெரிச்சல் என்னன்னா அந்த அழுக்கு மோட்டார் போட்டவன் வீட்டுக்கு தான் போகும்னு இல்ல, நடுவுல இருக்குற எவன் குடத்துல வேணா விழும்.

அதனால தண்ணி கம்மியா வர்றதும் கெட்டு வர்றதும் ரெண்டு பிரச்சனை இல்ல, ஒரே பிரச்சனை. புழல் ஏரி முழுசா நெறஞ்சா 3,300 மில்லியன் கன அடி, ஆனா 2019 கோடைல நம்ம ஏரிங்க எல்லாம் வறண்டு ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல வில்லிவாக்கத்துக்கு தண்ணி கொண்டு வந்தாங்க, 50 வேகன்ல ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த மாதிரி காலத்துல தண்ணி விடுற நேரம் குறையும், பைப் காலியா கெடக்குற நேரம் கூடும். காட்டுப்பள்ளில 2010ல ஆரம்பிச்ச மீஞ்சூர் கடல்நீர் ஆலை மாதிரி, மழைய நம்பாத ஒரு ஊத்து இருக்கறது அதனால சுகாதாரத்துக்கும் முக்கியம். ஒடிசால பூரி நகரம் 2021ல 24 மணி நேரமும் கொழாய்ல குடிக்கற தண்ணி குடுக்க ஆரம்பிச்சுது, அங்க பைப் எப்பவும் நெறஞ்சு அழுத்தத்தோட இருக்கறது தான் பாதி காவல்.

மீதி காவல் குளோரின். கொழாய்ல வர்றப்ப லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும்னு இந்திய தரக்கட்டுப்பாடு சொல்லுது, ஒரு 9,000 லிட்டர் லாரிக்கு கணக்கு போட்டா 2 கிராம் கூட இல்ல. வழில ஏதாவது கிருமி புகுந்தா அத கொன்னு தானும் தீந்துடும். தண்ணில மருந்து வாசன அடிக்குதுன்னு திட்டுறோம், லேசா அடிச்சா சந்தோஷப்படணும், எந்த வாசனையும் இல்லாத தண்ணிய பாத்து தான் நான் யோசிப்பேன்.

போன மழைக்கு எங்க தெருவுல பத்து நாள் நாத்தம். மூணு எடத்துல தோண்டி மூடிட்டாங்க, ஒண்ணும் கிடைக்கல. அப்புறம் ஒருத்தர் சின்ன கண்ணாடி குழாயோட வீடு வீடா வந்து தண்ணி புடிச்சு மாத்திரை போட்டு பாத்தாரு. குளோரின் இருந்தா ரோஸ் கலர் வரும். வரிசையா ரோஸ், ரோஸ், வெளிறின ரோஸ், அப்புறம் ஒரு வீட்ல கலரே இல்ல. அந்த வீட்டு வாசல்ல தோண்டுனா, கனெக்ஷன் பைப் மழைநீர் கால்வாய்க்கு நடுவுலயே போகுது, துருப்புடிச்சு சுண்டுவிரல் நுழையற ஓட்டை.

அந்த மாத்திரை கிட் ஒண்ண நானும் வாங்கிட்டேன். அடி பம்ப்ல மூணாவது குடம், நல்ல ரோஸ். அதே தண்ணி ஏத்தி வெச்ச எங்க சம்ப்புல போட்டேன், கலரே வரல. கடைசியா எப்ப கழுவுனோம்னு வீட்ல கேட்டா ஆளாளுக்கு மூஞ்சிய பாத்துக்குறாங்க.