முனைவர் பட்ட ஆய்வாளருக்குச் சம்பளம் தரும் மேரி கியூரி திட்டம்: சேரும் முன் தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

முதுகலை முடித்துவிட்டு வெளிநாட்டில் ஆய்வு செய்ய வழி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, உதவித்தொகை எங்கே கிடைக்கும் என்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா-கியூரி திட்டத்தில் டாக்டோரல் நெட்வொர்க்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. அது முனைவர் பட்ட ஆய்வாளரை ஊழியராகவே சேர்த்துக்கொள்கிறது. பணி ஒப்பந்தம், மாதச் சம்பளம், விடுப்பு, சமூகப் பாதுகாப்பு எல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டப்படி உண்டு. உள்நாட்டுச் சட்டம் பணி ஒப்பந்தத்துக்கு இடம் தராதபோது மட்டுமே ஆய்வூதியம். தகுதி விதி, சம்பளக் கணக்கு, விசா என்று எல்லாமே இந்த ஏற்பாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன. ஆகவே இதை உதவித்தொகை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முறையும் வேலைக்கு விண்ணப்பிப்பது போன்றதே. குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் குழுவாகச் சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்திடம் நிதி பெறுகின்றன. அதன் பிறகு ஒவ்வோர் ஆய்வுத் தலைப்புக்கும் தனித்தனியாகப் பணி விளம்பரம் வெளியிடுகின்றன. யூராக்செஸ் என்ற இணையதளத்தில் இவை வரும். மாணவர் பிரசல்சில் உள்ள ஆணையத்துக்கு நேரடியாக விண்ணப்பம் அனுப்ப வேண்டியதில்லை. அப்படி ஒரு வழியும் இல்லை. விண்ணப்பத்தை வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு கிடையாது. ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றவராக இருக்கக் கூடாது. வாய்மொழித் தேர்வில் வெற்றி பெற்றுவிட்டு, பட்டச் சான்றிதழுக்காக மட்டும் காத்திருப்பவரும் தகுதி இழக்கிறார். சேர்ந்த பிறகு ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றிலோ திட்டத்தில் இணைந்த நாடு ஒன்றிலோ முனைவர் பட்டப் படிப்பில் பதிவு செய்தாக வேண்டும்.

பலரைத் தடுக்கும் விதி வேறு. பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், வேலைக்கு எடுக்கும் நிறுவனம் உள்ள நாட்டில் நீங்கள் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ, படித்திருக்கவோ, வேலை பார்த்திருக்கவோ கூடாது. அந்த 12 மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. விட்டு விட்டு இருந்தாலும் கூட்டப்படும். விடுமுறைப் பயணம் போன்ற குறுகிய தங்கல்கள், கட்டாய ராணுவச் சேவை, அகதித் தகுதிக்கான நடைமுறையில் கழிந்த காலம் ஆகியவை கணக்கில் வராது. குடியுரிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரான்ஸ் குடிமகன் மூன்று ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டு பிரான்சிலேயே சேரலாம். பிரான்சில் தொடர்ந்து வசிப்பவர் எந்த நாட்டவரானாலும் அங்கே சேர முடியாது.

நாள்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். ஒருவர் 2021 அக்டோபர் முதல் 2023 செப்டம்பர் முடிய ஜெர்மனியில் முதுகலை படித்துவிட்டு நாடு திரும்பிவிட்டார். ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்றில் அவருக்கு இடம் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று சேர்ந்தால், முந்தைய 36 மாதங்களுக்குள் ஜெர்மனியில் இருந்த காலம் 13 மாதம். தகுதி போய்விட்டது. அக்டோபர் 1 அன்று சேர்ந்தால் அதே கணக்கு சரியாக 12 மாதம். 12-ஐத் தாண்டவில்லை என்பதால் தகுதி உண்டு. ஒரே மாதம்தான் வித்தியாசம். எல்லையில் நிற்பவர்கள் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று நிறுவனத்திடம் தயங்காமல் கேட்க வேண்டும். கடவுச்சீட்டு முத்திரைகள், வாடகை ஒப்பந்தம், கல்லூரிச் சான்று முதலியவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எல்லையைத் தாண்டிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. தடை அந்த ஒரு நாட்டுக்கு மட்டும்தான். அதே குழுவில் நெதர்லாந்திலோ ஸ்பெயினிலோ உள்ள இடத்துக்கு அவர் விண்ணப்பிக்கலாம்.

இனி பணம். நிதிக்கு விண்ணப்பிக்குமாறு ஆணையம் நிறுவனக் குழுக்களுக்கு விடும் அழைப்புகளில், 2021 முதல் 2024 வரையிலானவற்றில் நிதி பெற்ற திட்டங்களுக்கு வாழ்க்கைச் செலவுப்படி மாதம் 3,400 யூரோ. நாட்டின் விலைவாசிக்கு ஏற்ற ஒரு குறியீட்டால் இது பெருக்கப்படும். இடப்பெயர்வுப்படி 600 யூரோ, குடும்பம் உள்ளவருக்குக் குடும்பப்படி 660 யூரோ. இந்த இரண்டுக்கும் குறியீடு கிடையாது. தொகைகள் அழைப்புக்கு அழைப்பு மாறக்கூடியவை. எனவே உங்கள் திட்டம் எந்த ஆண்டு அழைப்பில் நிதி பெற்றது என்று பாருங்கள்.

இந்த எண்களைக் கூட்டி 4,660 யூரோ கையில் வரும் என்று கனவு காண்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. இவை ஆணையம் நிறுவனத்துக்குத் தரும் தொகைகள். முதலாளி செலுத்த வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்கும் இதற்குள்ளேயே அடங்கும். அது கழிந்து மிஞ்சுவதே உங்கள் மொத்தச் சம்பளம். அதிலிருந்து ஊழியர் பங்கும் வருமான வரியும் போகும். கையில் வருவது நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடும். ஆகவே நேர்காணலிலோ பணி ஆணை வந்தவுடனோ, கழிவுகள் போகக் கையில் வரும் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் கூடவே கேளுங்கள். ஆராய்ச்சி, பயிற்சிச் செலவுகளுக்காக நிறுவனத்துக்கு ஓர் ஆய்வாளருக்கு மாதம் 1,600 யூரோ தனியாகத் தரப்படுகிறது; கட்டணத்தை அதிலிருந்து செலுத்த இடமுண்டு.

குடும்பப்படிக்குத் திருமணமோ சட்டம் ஏற்கும் அதற்கிணையான உறவோ, நீங்கள் பராமரிக்கும் குழந்தையோ ஆதாரம். சேர்ந்த பிறகு திருமணம் நடந்தாலும் குழந்தை பிறந்தாலும் தெரிவித்தால் படி கிடைக்கும். குடும்பம் உங்களோடு வந்து வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

வழக்கமான ஒப்பந்தம் 36 மாதங்கள் வரை. பல நாடுகளில் முனைவர் பட்டம் அதற்குள் முடிவதில்லை என்பது இத்துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான்காம் ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ஒப்பந்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குழுவின் வேறு நிறுவனங்களில் பணியாற்ற அனுப்பப்படலாம். பெரும்பாலும் அது வேறு நாடாகவே இருக்கும்.

அங்கேதான் விசா குறுக்கே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2016/801 என்ற எண்ணுள்ள ஒன்றியச் சட்டம் பொருந்தும். ஆய்வாளருக்கான அனுமதி பெற்றவர், ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் 360 நாள்களுக்குள் 180 நாள் வரை ஆய்வு செய்யலாம்; சில நாடுகள் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லும். கணவனோ மனைவியோ குழந்தைகளோ உடன் வரவும், துணைவர் வேலை பார்க்கவும் அச்சட்டம் வழி செய்கிறது. மாணவர் அனுமதியில் வருபவருக்கு இந்தக் குடும்ப உரிமைகளை அது தருவதில்லை. சில நாடுகள் முனைவர் பட்ட ஆய்வாளர்களை மாணவராகவே நடத்துவதால், உங்களுக்கு எந்த அனுமதி தரப்படும் என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆய்வாளர் அனுமதிக்கு, உங்களை ஆய்வாளராக ஏற்பதாக நிறுவனம் கையெழுத்திட்ட ஏற்பு ஒப்பந்தமோ அதற்கிணையான பணி ஒப்பந்தமோ வேண்டும். ஆய்வோ படிப்போ முடிந்ததும் வேலை தேடவோ தொழில் தொடங்கவோ குறைந்தது 9 மாதம் தங்க விண்ணப்பிக்கும் உரிமை, ஆய்வாளர் அனுமதியில் வந்தவருக்கும் மாணவர் அனுமதியில் வந்தவருக்கும் உண்டு. டென்மார்க்கும் அயர்லாந்தும் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. பிரிட்டனும் நார்வேயும் ஒன்றிய உறுப்பினர்களே அல்ல. அந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் அவற்றின் சொந்தக் குடியேற்ற விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.